கிருஷ்ணன்கோவிலுக்கு எதற்கு சிஸ்டம்ஸ் ஆராய்ச்சி?

"ஆராய்ச்சிக் கட்டுரை படிப்பதெல்லாம் ஐஐடிக்காரர்கள் வேலை, நம் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு வேலை கிடைக்கட்டும்." ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பொறியியல் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தப் பேச்சு வந்து விழாமல் இருக்காது. பெற்றோர் சொல்கிறார்கள். பிளேஸ்மென்ட் பொறுப்பில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். முனைவர் பட்டம் வாங்கிய ஆசிரியர்களே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு மாணவர்களும் நம்பிவிட்டார்கள் என்பதுதான் இதில் பெரிய நஷ்டம்.

அக்கறையில்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இது தவறான கருத்து, அதுவும் இந்தப் பிள்ளைகளுக்கே தீங்கு செய்யும் கருத்து. கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் வாரம் ஒரு நாள், அண்மையில் வெளிவந்த ஒரு சிஸ்டம்ஸ் ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வாதாடும் கருத்தரங்கம் பெங்களூருக்குத் தேவைப்படுவதைவிட இங்கேதான் அதிகம் தேவை. பெங்களூரில் படிக்கும் மாணவர் இந்த விஷயங்களை இன்டர்ன்ஷிப் போன இடத்திலும், டீக்கடையில் சீனியர் பேசும்போதும், ஒரு மாலைநேரச் சந்திப்பிலும் காதில் வாங்கிக்கொள்வார். இதே வட்டாரத்துக் கிருஷ்ணன்கோவிலில் மலையடிவாரத்தில் படிக்கும் மாணவருக்கு வகுப்பறையை விட்டால் அதைக் கேட்க வேறு இடமில்லை.

சிஸ்டம்ஸ் என்று இங்கே நான் சொல்வது நாம் கைபேசியில் தொடும் செயலிகளுக்கு அடியில் இருப்பதை. ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க், ஆயிரம் சர்வர்களை ஒரே கணினிபோல வேலை வாங்கும் ஏற்பாடு எல்லாம் இதில் அடக்கம். ஓடும்வரை யார் கண்ணிலும் படாது. நின்றால் ஊரே நிற்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை எதற்குள் நுழைந்தாலும் கல்லாவுக்கு முன்னால் கியூஆர் அட்டை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் யுபிஐ முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அதற்கு நான்கு மாதம் முன்பு, ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுவதும் யுபிஐ தடுமாறியது. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ பின்னர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: பரிவர்த்தனை என்ன ஆயிற்று என்று விசாரிக்கும் கோரிக்கைகள் வெள்ளமாக வந்தன, சில வங்கிகள் பழைய பரிவர்த்தனைகளைப் பற்றிக்கூடத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன.

இப்படி ஒரு நிலை எப்படி உருவாகும் என்பதைப் பற்றி 2021இல் ஹாட்ஓஎஸ் என்ற பட்டறையில் ஒரு சிறு கட்டுரை வந்தது. நேத்தன் பிரான்சனும் அவருடைய கூட்டாளிகளும் எழுதியது. மெட்டாஸ்டேபிள் செயலிழப்பு என்று அந்த நிலைக்குப் பெயர் வைத்தார்கள். ஏதோ ஒரு சின்னக் காரணத்தால் சர்வர் கொஞ்சம் மெதுவாகிறது. பதில் வராதவர்கள் மறுபடி கேட்கிறார்கள். மறுபடி கேட்பதால் சுமை கூடுகிறது, சுமை கூடியதால் இன்னும் மெதுவாகிறது, மெதுவானதால் இன்னும் பலர் மறுபடி கேட்கிறார்கள். இப்போது முதலில் வந்த சின்னக் காரணத்தை நீக்கிவிட்டாலும் சிஸ்டம் எழுந்திருக்காது. தன் சுமையைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் நிலைக்குப் போய்விட்டது. யாராவது தலையிட்டு, வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வெட்டினால்தான் மீளும். 2022இல் ஓஎஸ்டிஐ மாநாட்டில் வந்த அடுத்த கட்டுரை பல நிறுவனங்களின் பொதுவெளி அறிக்கைகளை அலசியது. பத்தாண்டில் அமேசான் வெப் சர்வீசஸில் நடந்த 15 பெரிய முடக்கங்களில் குறைந்தது 4 இந்த வகை என்று கண்டது.

இந்த இரண்டு கட்டுரைகளையும் படித்த ஒரு மூன்றாமாண்டு மாணவி என்பிசிஐயின் விளக்கத்தைப் பார்த்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். இது அந்த வகைதானா, இல்லையா, எதை வைத்துத் தீர்மானிப்பது, மறுபடி கேட்பதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்கச் சொல்ல வேண்டும், எல்லா வங்கியும் ஒரே நேரம் காத்திருந்து ஒரே நொடியில் கேட்டால் என்ன ஆகும் என்று கேள்விமேல் கேள்வியாக அவருக்கு வரும். இதில் உயர்கணிதம் எதுவும் இல்லை. நான்கு தெரு தள்ளி இருக்கும் கடையில் நடந்த சங்கதி. இதை ஐஐடிக்காரர்களுக்கு என்று ஒதுக்கிவைக்க என்ன நியாயம் இருக்கிறது?

"சிலபஸுக்கு வெளியே போகிறீர்கள்" என்பார்கள். போகவில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் பேஜிங் என்று ஒரு பகுதி வரும். நினைவகத்தைச் சமமான சிறு துண்டுகளாக்கி, எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டவணை வைத்துக்கொள்வது. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் 13 மார்க் கேள்வியாக வரும். மாணவர்கள் படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அறுபது ஆண்டுப் பழைய யோசனை, எதற்கு இன்னும் இது என்று கேட்பவர்களும் உண்டு.

2023 அக்டோபரில் எஸ்ஓஎஸ்பி மாநாட்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊசுக் குவான் முதலானோர் பேஜ்டுஅட்டென்ஷன் என்ற கட்டுரையைக் கொண்டுவந்தார்கள். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் பதில் சொல்லும்போது, அதுவரை பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஜிபியு நினைவகத்தில் கொஞ்சம் தகவல் வைத்துக்கொள்ள வேண்டும். பதில் எவ்வளவு நீளம் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே இருக்கக்கூடிய அதிகபட்ச நீளத்துக்குத் தொடர்ச்சியாக இடம்பிடித்து வைத்திருந்தார்கள். பிடித்த இடத்தில் உண்மையாகப் பயன்பட்டது 20.4 முதல் 38.2 சதவீதம்தான். பெர்க்லிக் குழு செய்தது அந்த 13 மார்க் விடையை ஜிபியுவுக்குள் கொண்டுபோனது: சிறு துண்டுகள், ஓர் அட்டவணை, தேவைப்படும்போது மட்டும் புதுத் துண்டு. அதே வேகத்தில் பதில் சொல்லிக்கொண்டே 2 முதல் 4 மடங்கு அதிகக் கோரிக்கைகளைக் கையாள முடிந்தது. அவர்களுடைய விஎல்எல்எம் மென்பொருள் இன்று உலகெங்கும் ஓடுகிறது.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்த ஒரு குழு அதை மறுத்தது. ரம்யா பிரபு, அஜய் நாயக், ஜெயஸ்ரீ மோகன், ராமச்சந்திரன் ராம்ஜி, ஆஷிஷ் பன்வர் ஆகியோர் எழுதிய விஅட்டென்ஷன் கட்டுரை 2025 ஏஎஸ்பிஎல்ஓஎஸ் மாநாட்டில் வந்தது. பேஜிங் வேண்டும், ஆனால் அதை நீங்களே மென்பொருளில் மறுபடி கட்டியதால் கணக்குப் போடும் நிரல்களையெல்லாம் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். மெய்நிகர் முகவரியைத் தொடர்ச்சியாகவே விட்டுவிட்டு, அடியில் நிஜ நினைவகத்தைத் தேவைக்கேற்ப ஒட்டினால் போதும். அதற்கான வசதி ஜிபியுவின் டிரைவரிலேயே இருக்கிறது. டிமாண்ட் பேஜிங். அதே பாடப்புத்தகத்தில், சில பக்கங்கள் தள்ளி.

இந்த இரண்டையும் அடுத்தடுத்த வாரம் படிக்க வைத்துவிட்டு, யார் சொல்வது சரி என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து மோதவிடுங்கள். ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தும் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடம் செய்யாததை அந்த நான்கு மணி நேரம் செய்யும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏஐ வந்துவிட்டது, இனி ஆபரேட்டிங் சிஸ்டம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கும் இதைவிட நேரான பதில் இல்லை.

அடுத்து, "நம்மிடம் மெஷின் எங்கே இருக்கிறது?" என்ற ஆட்சேபம். கூகுளிடம் இருக்கும் டேட்டா சென்டர் நம்மிடம் இல்லைதான். ஆனால் அது இல்லாமலும் ஆராய்ச்சி நடக்கும். 2015இல் ஃபிராங்க் மெக்ஷெர்ரி, மைக்கேல் ஐசார்ட், டெரெக் மர்ரி மூவரும் ஹாட்ஓஎஸ்ஸில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய கணினிக் கூட்டங்களில் ஓடும் புகழ்பெற்ற மென்பொருள்களின் வேகத்தை ஒற்றை லேப்டாப்பில், ஒற்றை இழையில் ஓடும் எளிய நிரலோடு ஒப்பிட்டார்கள். ட்விட்டர் தொடர்புகளின் மீது பேஜ்ரேங்க் கணக்கை 20 சுற்று ஓட்ட, 128 கோர்களில் ஓடிய கிராஃப்எக்ஸ் என்ற மென்பொருளுக்கு 419 வினாடி. லேப்டாப்புக்கு 300. துறையே சங்கடத்தில் நெளிந்த கட்டுரை அது. மெக்ஷெர்ரி தன் பெயருக்குக் கீழே எந்த நிறுவனத்தையும் சேராதவர் என்றே போட்டுக்கொண்டார். கேட்கத் தெரிந்த கேள்வியும் ஒரு லேப்டாப்பும் போதுமானதாக இருந்தன. எம்ஐடியின் எக்ஸ்வி6 என்ற பயிற்சி ஆபரேட்டிங் சிஸ்டமும், பகிர்வுக் கணினியியல் பாடத்தின் செய்முறைப் பயிற்சிகளும் ஒரு சாதாரண லேப்டாப்பில் ஓடும். அந்த லேப்டாப் நம் விடுதி அறைகளில் இப்போதே இருக்கிறது.

கட்டுரை வாங்கப் பணமில்லை என்பதும் செல்லாது. ஒன்றிய அரசின் 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டம் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாயில் சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிட்டபோது அரசு நிறுவனங்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, தனியார் கல்லூரிகளில் படிக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளை வெளியே நிறுத்தியது அநியாயம். அதைக் கேட்க வேண்டும். ஆனால் சிஸ்டம்ஸ் துறைக்கு அந்தத் தடையே இல்லை. ஓஎஸ்டிஐ உள்ளிட்ட மாநாடுகளை நடத்தும் யூஸ்னிக்ஸ் 2008 முதல் தன் கட்டுரைகள் எல்லாவற்றையும் இலவசமாகவே தருகிறது. ஏசிஎம் 2026 ஜனவரியிலிருந்து தன் நூலகத்தைத் திறந்துவிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர் கையில் இருக்கும் அதே பிடிஎஃப், அதே நாளில், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் வீட்டுப் பிள்ளையின் கைபேசியிலும் இறங்கும். அறிவுக்கும் பணத்துக்கும் இருந்த கட்டு ஒரு துறையில் இப்படி அறுந்திருக்கும்போது நாமே வாசலில் நின்றுகொண்டு "இது உனக்கில்லை" என்று சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பெற்றோர் கல்விக் கடன் வாங்கியிருக்கிறார்கள், நகையை அடகு வைத்திருக்கிறார்கள். நான்காம் ஆண்டு முடிவில் சம்பளம் வந்தாக வேண்டும். அதனால்தான் ஆப்டிட்யூட் பயிற்சி, கோடிங் பயிற்சி, மாதிரி நேர்காணல் என்று மூன்றாம் ஆண்டே ஓடிவிடுகிறது. அந்தப் பயிற்சி எந்த வேலைக்கு என்பதை யாராவது கேட்கிறோமா? சொன்ன ஸ்பெசிஃபிகேஷனைப் பார்த்து நிரல் எழுதும் வேலைக்கு. அந்த வேலையைத்தான் மொழி மாதிரிகள் முதலில் கையில் எடுத்திருக்கின்றன. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கில் ஆளெடுத்த நிறுவனங்களை நம்பிக் கட்டிய பயிற்சி முறை, அந்த நிறுவனங்களே மாறும்போது யாரைக் காப்பாற்றும்?

நிரல் எழுத ஆள் குறையலாம். எழுதிய நிரல் நள்ளிரவில் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா டேட்டா சென்டர்கள் முடங்கி உலகெங்கும் பல செயலிகள் தள்ளாடியபோது, வேர்க்காரணம் டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் முகவரிப் பதிவுகளைத் தானாகத் திருத்தும் இரண்டு நிரல்களுக்கு இடையே நேர்ந்த போட்டி. ஒன்று எழுதியதை இன்னொன்று பழைய தகவலால் மேலெழுத, முதலாவது அந்தப் பழைய தகவலை அழித்துவிட்டது; பதிவே காலியானது. ரேஸ் கண்டிஷன் என்று நம் மாணவர்கள் இரண்டு மார்க்குக்கு எழுதுவது. இதைக் கண்டு சொல்லக்கூடியவருக்குச் சம்பளம் கொடுக்க நிறுவனங்கள் தயங்கியதில்லை. கருத்தரங்கம் வேலைக்கு எதிரி என்று சொல்பவர்கள் பத்தாண்டுக்கு முந்தைய வேலைச் சந்தையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

"கருத்தரங்கம் நாங்களும் நடத்துகிறோமே" என்ற குரலும் வரும். அதுபற்றியும் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டங்களில் தேசியக் கருத்தரங்கம் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது குத்துவிளக்கு, பொன்னாடை, வெளியூர் விருந்தினரின் நாற்பது ஸ்லைடுகள், கேள்வி நேரத்தில் மௌனம், முடிவில் பங்கேற்புச் சான்றிதழ். புகைப்படம் நாக் தரமதிப்பீட்டுக் கோப்புக்குப் போகும். அன்று யாரும் எதையும் முன்கூட்டிப் படித்துவிட்டு வருவதில்லை. யாரும் யாரையும் மறுப்பதில்லை. மாணவருக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம், ஆராய்ச்சி என்பது மேடையில் இருப்பவர் சொல்லக் கீழே இருப்பவர் கைதட்டுவது என்பதுதான். பிறகு அதே மாணவரிடம் ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை போடு என்று கேட்கிறோம். ஒரு நல்ல கட்டுரையைக்கூட முழுதாகப் படித்திராதவரிடம் எழுதக் கேட்பது கொடுமை. பணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழ்கள் அந்தக் கொடுமையில்தான் வளர்கின்றன.

நான் கேட்பதற்கு மேடையே வேண்டாம். பன்னிரண்டு பேர், ஒரு கரும்பலகை. ஒருவர் கட்டுரையை ஆதரித்துப் பேச வேண்டும், ஒருவர் எதிர்த்து. அடுத்த வாரம் பாத்திரம் மாறும். எப்படிப் படிப்பது என்பதற்கு எஸ். கேசவ் 2007இல் எழுதிய வழிமுறையே போதும். முதல் சுற்றில் ஐந்து பத்து நிமிடம் தலைப்பு, முன்னுரை, முடிவு. இரண்டாம் சுற்றில் ஒரு மணி நேரம் படங்களும் வரைபடங்களும். மூன்றாம் சுற்றில் அந்த வேலையைத் தானே செய்வதாக எண்ணிக்கொண்டு, இந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொண்டே போவது. பேச்சு தமிழில் இருக்கட்டும். கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கும், துறைச்சொற்கள் அப்படியே வரும், சண்டை மட்டும் வீட்டில் போடும் மொழியில் நடக்கட்டும். ஆங்கிலம் தடுமாறுமே என்ற பயத்தில் வாயைத் திறக்காத மாணவர்தான் பல சமயம் அந்த அறையில் மிகக் கூர்மையானவர்.

புரியாமல் போய்விடும் என்ற பயம் மாணவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அதற்கு நான் காட்ட விரும்பும் மருந்து ராஃப்ட். பல சர்வர்கள் ஒரே முடிவுக்கு வருவது எப்படி என்பதற்கு லெஸ்லி லாம்போர்ட்டின் பாக்ஸோஸ் முறை நெடுங்காலம் கோலோச்சியது. ஸ்டான்ஃபோர்டில் டியகோ ஆங்காரோவும் அவருடைய ஆசிரியர் ஜான் ஊஸ்டர்ஹவுட்டும் அதோடு மல்லுக்கட்டினார்கள்; எங்களுக்கே புரியச் சிரமமாக இருந்தது என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். உலகம் மதிக்கும் ஒரு முறை தங்களுக்குப் புரியவில்லை என்றதும் அவர்கள் தங்களைக் குறைத்து எண்ணவில்லை. புரியும்படியான ஒரு முறையை உருவாக்குவதையே ஆராய்ச்சி நோக்கமாக வைத்துக்கொண்டார்கள். 2014இல் அதை வெளியிட்டபோது நிரூபணத்தோடு நிற்காமல், இரண்டு பல்கலைக்கழகங்களில் 43 மாணவர்களுக்கு இரு முறைகளையும் கற்பித்துத் தேர்வு வைத்தார்கள். 33 பேர் ராஃப்ட் கேள்விகளுக்கு மேலாக விடை எழுதினார்கள். இன்று சர்வர் கூட்டங்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் மென்பொருளுக்கு அடியில் இருக்கும் எட்சிடி என்ற டேட்டாபேஸ் ராஃப்டில்தான் ஓடுகிறது. "சார், எனக்கு இது புரியவில்லை" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவர் சொல்வது ஆராய்ச்சியின் தொடக்கமாக இருக்க முடியும் என்பதை இந்தக் கட்டுரையைப்போல வேறு எதுவும் காட்டாது.

இந்த ஊர்களுக்கு வாதம் அந்நியமும் இல்லை. நந்தவனத்தில் பூக்கொய்து மாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் மதுரைக்குப் போய்ப் பாண்டியன் சபையில் பரம்பொருள் எது என்று வாதிட்டுப் பொற்கிழியை வென்றார் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தைக்கும் தெரிந்த கதை. சபைக்குப் போக உனக்கு என்ன தகுதி என்று அவரை இந்த ஊர் கேட்டதாகக் கதையில் இல்லை. மென்பொருளும் இங்கே புதிதல்ல. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் நூற்பாலையோடு தொடங்கிய குழுமத்திலிருந்துதான் ராம்கோ சிஸ்டம்ஸ் வந்தது; 1990களிலேயே மார்ஷல் என்ற இஆர்பி (நிறுவன நிர்வாக) மென்பொருளை இந்தியாவில் எழுதி விற்றது. சிஸ்டம்ஸ் ஆராய்ச்சியும் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்துவிட்டுத் துறை மாறிய சி. மோகன், ஐபிஎம்மில் ஏரீஸ் முறையை உருவாக்கினார். மின்சாரம் போய் வந்தாலும் டேட்டாபேஸ் கணக்குத் தவறாமல் மீள்வது எப்படி என்பதை விளக்கும் அந்த 1992ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து இன்றைய வங்கி மென்பொருள்கள்வரை நேர்க்கோடு உண்டு. மின்வெட்டோடு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான ஆராய்ச்சிக் கேள்வி இருக்க முடியாது.

கடைசியாக ஒரு ஆட்சேபம், இதுதான் நேர்மையானது: நடத்த ஆசிரியர் வேண்டுமே? வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பு, அதற்குமேல் அட்மிஷன் வேலை, கோப்பு வேலை என்று இருப்பவரிடம் இன்னொரு சுமையை ஏற்றுவது சரியில்லை. ஆகவே நிர்வாகம் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டு இதைக் கொடுக்க வேண்டும். அட்மிஷன் சீசனில் ஊர் ஊராக அலைவதிலிருந்து விலக்குக் கொடுத்தாலே போதும். கருத்தரங்க நேரம் பணிச்சுமைக் கணக்கில் ஏற வேண்டும். ஆசிரியருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாணவர்களோடு சேர்ந்து படித்துவிட்டு வந்தால் போதும். இருபது கிலோமீட்டர் சுற்று வட்டத்துக்குள் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகமும் ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. மாறிமாறி ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே வைத்தால், எதிர்த்துப் பேச எப்போதும் வெளியிலிருந்து ஆள் இருப்பார்கள். முதல் வாரம் மெட்டாஸ்டேபிள் கட்டுரை, சில பக்கங்கள்தான். இரண்டாம், மூன்றாம் வாரம் பேஜ்டுஅட்டென்ஷனும் அதற்கு பெங்களூர்க்காரர்கள் தந்த மறுப்பும். நான்காம் வாரம் ராஃப்ட், அதற்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். அதன்பின் எதைப் படிப்பது என்பதை மாணவர்களே தேர்ந்தெடுப்பார்கள்.